இயற்கையைப் பார்க்கக் கற்போம்: ஓவியர் ரஸாவின் வாழ்வு தரும் பாடம்



சின்னசேலத்தில் ஃபஜ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசலைவிட்டு வெளியே வரும்போது, வடமேற்கே கல்வராயன் மலை ஒரு கரிய கோடாகத்தான் முதலில் தென்படும். கிழக்கு வெளுக்க வெளுக்க அக்கோடு நீலமாகும். பின்னர்ப் பசுமை கொண்டு மடிப்பு மடிப்பாக விரியும். அல்லாஹ் நம் கண்முன்னே அன்றாடம் நிகழ்த்தும் இக்காட்சியை நம்மில் எத்தனை பேர் ஒரு நிமிடமேனும் நின்று பார்த்திருக்கிறோம்? தேநீர்க் கடைக்கும் பேருந்து நிலையத்துக்கும் விரைகின்ற அவசரத்தில் மலை நம் பார்வையிலிருந்தே விலகிவிட்டது.

அம்மலையை ஒரு சிறுமி பார்த்திருக்கிறாள். மக்தபில் ஓதும் அப்பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் மலையும் மரங்களும் மரவள்ளித் தோட்டமும் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. பள்ளியின் ஓவிய ஆசிரியை அவளைப் போட்டிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அவளுடைய அத்தா அந்த நோட்டை என்னிடம் காட்டி இரண்டு கேள்விகள் கேட்டார். "பாய், இப்படி வரைவது மார்க்கத்தில் ஆகுமா? ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும் இதனால் பிள்ளைக்கு என்ன பயன்?"

அவர் கடுமையான மனிதரல்லர். மகள் படித்து முன்னேற வேண்டுமென்று உழைப்பவர். மார்க்கத்தில் தவறிவிடக் கூடாது என்கிற அச்சமும், மகளின் காலம் வீணாகிவிடக் கூடாது என்கிற கவலையுமே அவரை அப்படிக் கேட்க வைத்தன. நம் வீடுகள் பலவற்றில் இதே கேள்விகள் எழுகின்றன. பெரும்பாலும் விடை தேடப்படாமலேயே பிள்ளையின் கையிலுள்ள வண்ணப் பென்சில் பிடுங்கப்பட்டுவிடுகிறது. அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. இக்கட்டுரையே அவருக்கான பதில். அதற்கு முன், காட்டோரத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் சிறுவனின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

காட்டில் பிறந்த சிறுவன்

ஸையித் ஹைதர் ரஸா 1922 பிப்ரவரி 22 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்திலுள்ள பாபரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸையித் முஹம்மது ரஸி வனத்துறையில் பணியாற்றியவர். தாயார் தாஹிரா பேகம். நம் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்வதுபோல் அந்தக் காடுகளில் கோண்டு மக்கள் வாழ்கின்றனர். மண்டலாவைச் சுற்றி நர்மதை ஆறு ஓடுகிறது. இரவில் அடர்ந்த காட்டின் இருள் அச்சிறுவனை அஞ்சச் செய்தது. விடியலின் வெளிச்சம் அந்த அச்சத்தைப் போக்கியது. அந்த இருளும் வெளிச்சமும் வாழ்நாள் முழுவதும் அவருடைய ஓவியங்களில் வந்துகொண்டே இருந்தன.

பள்ளியில் அவர் மனம் நிலைகொள்ளாமல் அலைகின்ற மாணவராக இருந்தார். அதைக் கவனித்த ஆசிரியர் ஒருவர் அவரை அடிக்கவில்லை. வகுப்பிலிருந்து விரட்டவும் இல்லை. சுவரில் ஒரு புள்ளி வைத்து, மற்றவற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்கார வைத்தார். ஒரு பொருளை நிலைத்துப் பார்ப்பது எப்படி என்பதை ரஸா முதன்முதலில் கற்றது அங்கேதான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் புள்ளியே அவருடைய ஓவியத்தின் நடுவில் பெரிய கரிய வட்டமாக வந்து அமர்ந்தது. அதை அவர் 'பிந்து' என்றழைத்தார்.

நாக்பூரிலும் பின்னர் மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பயின்ற அவர், 1947இல் சூஸா, எம்.எஃப். ஹுஸைன் முதலியோருடன் சேர்ந்து முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார். 1950இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் சென்றார். 1956இல் அந்நாட்டின் விமர்சகர் விருது அவருக்குக் கிடைத்தது; பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை.

புகழ் வந்தது, பொருளும் வந்தது. ஆனால் அவருக்கு நிறைவு வரவில்லை. 1970களில் தம் ஓவியங்களில் எதுவோ குறைகிறது என்று உணர்ந்து அவர் மீண்டும் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். பிரெஞ்சு மொழியில் 'பூமி' என்று பொருள்படும் தலைப்பில் காட்டின் இரவை வரைந்தார். 1980ஐ ஒட்டிய காலத்திலிருந்து அவருடைய திரைகளில் பிந்து நிலைபெற்றது. கரிய வட்டம் ஒரு விதை. அதிலிருந்து நிலம், நீர், தீ, காற்று, வானம் ஆகிய ஐம்பூதங்களின் வண்ணங்கள் விரிகின்றன. விதை, முளைப்பு, இயற்கை என்னும் பொருளுடைய தலைப்புகளையே அவர் திரும்பத் திரும்பத் தம் ஓவியங்களுக்கு இட்டார். அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை விட்டுக்கொடுக்காத அவர், முதுமையில் தில்லிக்குத் திரும்பினார். 2016 ஜூலை 23 அன்று மறைந்தார். விருப்பப்படியே மண்டலாவில் தந்தையின் கப்ருக்கு அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரஸா ஆலிம் அல்லர். பிற சமயங்களின் சிந்தனைகளிலிருந்தும் சொற்களிலிருந்தும் அவர் தாராளமாக எடுத்துக்கொண்டார். அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவரை மார்க்க முன்மாதிரியாக நான் முன்வைக்கவும் இல்லை. இயற்கையைப் பொறுமையுடன் பார்க்கக் கற்ற ஒரு மனிதரின் வாழ்விலிருந்து அந்தப் பண்பை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்பதே என் வேண்டுகோள்.

ஆகுமா?

இனி அந்தச் சகோதரரின் முதல் கேள்விக்கு வருவோம். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து ஹதீஸ்களில் கடும் எச்சரிக்கைகள் வந்துள்ளன. அவற்றின் எல்லை எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அது நம் ஹஜ்ரத்மார்களின் பொறுப்பு.

ஆனால் இந்தச் சிறுமி வரைந்தது மலையும் மரமும். இதற்கு வழிகாட்டும் ஒரு நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை அன்னார் எடுத்துச் சொன்னதும் அம்மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது இப்னு அப்பாஸ் (ரலி), நீ இத்தொழிலைச் செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள் என்ற கருத்தில் வழி சொன்னார்கள். தடையைச் சொன்ன அதே அவையில் திறந்த கதவும் காட்டப்பட்டது. நாமோ தடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கதவை மறந்துவிட்டோம்.

முற்கால முஸ்லிம்கள் அக்கதவை மறக்கவில்லை. கலீஃபா வலீத் காலத்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் சுவர்களை இன்றும் காணலாம். பொன்னிறப் பின்னணியில் சிறுசிறு வண்ணக் கற்களைப் பதித்து ஓங்கிய மரங்களையும் ஓடும் ஆற்றையும் அதன் கரையில் மாளிகைகளையும் அமைத்திருக்கிறார்கள். மனிதரோ விலங்கோ ஒன்றுகூட அதில் இல்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலுக்குச் சென்று கல்தூண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்தச்சரின் உளி பூவையும் கொடியையும் வடிவக் கணித அழகையும் செதுக்கியிருக்கிறது. தொழுகின்ற இடத்திலேயே இயற்கையின் வடிவங்களுக்கு இடம் தந்த சமுதாயம், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு மலைக்கு இடம் தரத் தயங்குவது ஏன்?

என்ன பயன்?

இரண்டாவது கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. போட்டியில் பரிசு கிடைக்கும், கட்டடக்கலை படிக்க உதவும் என்றெல்லாம் சொல்லலாம், அவை உண்மையே. ஆனால் முதன்மையான பயன் வேறு.

ஒரு வேப்பிலையை வரைய வேண்டுமென்றால் அதன் ஓரம் எப்படி அரம்போல் வெட்டுண்டிருக்கிறது, நடு நரம்பு எப்பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரம் முறை கடந்துபோன மரத்தை அன்றுதான் பிள்ளை முதன்முறையாகப் பார்க்கிறாள். வானங்களிலும் பூமியிலும் ஒட்டகத்திலும் மலைகளிலும் சிந்தனையைச் செலுத்துமாறு அல்குர்ஆன் நம்மைப் பலமுறை அழைக்கிறது. ஓதுகின்ற நாவும் பார்க்கின்ற கண்ணும் சேர்ந்தால்தான் அந்த அழைப்புக்கு முழுமையான மறுமொழி ஆகும். விதையைப் பிளந்து முளைக்கச் செய்பவன் அல்லாஹ் என்று பிள்ளை மனனம் செய்கிறாள். ஓர் அவரை விதையை ஈரத்துணியில் வைத்து, நாள்தோறும் அது மாறுவதை வரைந்து பார்த்தாளென்றால், மனனம் செய்தது அவளுடைய நெஞ்சில் இறங்கும். ரஸா தம் திரைகளில் வாழ்நாளெல்லாம் விதையைத் தேடிக்கொண்டிருந்ததை நினைக்கும்போது எனக்கு இதுவே தோன்றுகிறது.

பார்க்கப் பழகாத கண்ணுக்கு இழப்பும் தெரியாது. இதற்கு முகலாயர் காலத்து ஓவியர் உஸ்தாத் மன்ஸூரைச் சான்றாகச் சொல்வேன். பேரரசர் ஜஹாங்கீரின் அவையிலிருந்த அவர் பறவைகளையும் மலர்களையும் வியக்கத்தக்க நுட்பத்துடன் தீட்டினார். உயிருள்ளவற்றை அவர் வரைந்ததை மார்க்க ஆதாரமாக நான் காட்டவில்லை; வரலாற்றுச் செய்தியாக மட்டுமே சொல்கிறேன். மொரீஷியஸ் தீவின் டோடோ பறவையை வண்ணத்தில் காட்டும் ஓர் ஓவியம் அவருடையது என்று கருதப்படுகிறது. அது ஏறத்தாழ 1625ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இனமே உலகிலிருந்து அழிந்துபோனது. அவர் தீட்டிய சைபீரியக் கொக்கும் பரத்பூர்ச் சரணாலயத்துக்கு வருவதை 2002ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. ஊன்றிப் பார்த்த ஒரு கண் விட்டுச்சென்ற பதிவே, நாம் எதை இழந்தோம் என்று இன்று நமக்குச் சொல்கிறது.

ரஸா சுற்றுச்சூழல் இயக்கம் எதையும் நடத்தியவரல்லர். ஆனால் பாரிஸ் நகரின் நடுவிலும் மண்டலாக் காட்டை மறக்காதவர். நாம் மலையடிவாரத்திலேயே இருந்துகொண்டு மலையை மறந்திருக்கிறோம். கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. கீழேயுள்ள நம் வயல்களும் கிணறுகளும் அம்மலையில் பெய்யும் மழையை நம்பியே இருக்கின்றன. பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் செல்கிறோம். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து உண்கிறோம். வெறும் பொட்டலத்தையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பாறையிடுக்கில் விட்டுவிட்டு வருகிறோம். ஒரு வலீமா விருந்து முடிந்த மண்டபத்தின் பின்புறத்தைப் பார்த்தால் நெகிழிக் குவளைகள் குன்றாகக் கிடக்கின்றன. ஒளூச் செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்ததாக ஹதீஸ் உண்டு. அது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவு.

இவை சிறிய செயல்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மதீனாவின் புனித எல்லைக்குள் மரங்களை வெட்டத் தடை விதித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது அவருக்கு தர்மமாகும் என்றும், மறுமை நாள் வந்துவிட்ட நிலையிலும் கையில் கன்று இருந்து நட முடியுமானால் நட்டுவிட வேண்டும் என்றும் கற்றுத்தந்தவர்கள். இவ்வளவையும் மேடையில் கேட்கிறோம். ஆயினும் கேட்டது கைக்கு வருவதில்லை. நேசம் வராத இடத்தில் காப்பாற்றும் எண்ணம் வராது. ஊன்றிப் பார்க்காத பொருளின் மீது நேசமும் வராது. மலையை வரைந்த பிள்ளை அங்கே குப்பையைப் போட்டுவிட்டு வரமாட்டாள் என்பது என் நம்பிக்கை.

அமைதியும் அதே பாடத்தில்தான்

நாடு பிரிந்த காலத்தில் ரஸாவின் தாயார் 1947இலும் தந்தையார் 1948இலும் காலமாயினர். உடன்பிறந்தோர் பாகிஸ்தானுக்குச் சென்றனர். இருபத்தைந்து வயதுக்காரரான ரஸா இங்கேயே இருந்துவிட்டார். சிறுவயதில் மண்டலாவில் காந்தியடிகளைப் பார்த்த நினைவு அவரைவிட்டு அகலவேயில்லை. குடும்பம் சிதறியதையும் நாடு எரிந்ததையும் கண்ட அம்மனிதர் வெறுப்பை வரையவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்து, 2013இல் காந்தியடிகளை நினைந்து அவர் தீட்டிய ஓவிய வரிசையில் ஒன்றுக்கு 'சாந்தி' என்றே பெயரிட்டார்.

நமக்கும் அமைதியின் அருமை தெரியாததன்று. 2022 ஜூலை 17 அன்று, நம் ஊரை அடுத்த கனியாமூரில், ஒரு மாணவியின் மரணத்தையடுத்து எழுந்த கொந்தளிப்பு கலவரமாக மாறியது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. ஒரு தாயின் கண்ணீருக்கு நீதி கேட்பது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் கைப்பேசியில் வந்த செய்தியை ஒரு கணமும் நின்று ஆராயாமல் நெருப்பெடுத்துச் சென்ற இளைஞர்கள் பலர். அதனால் அந்தத் தாய்க்கு நீதி விரைந்து வந்துவிடவில்லை. இளைஞர்கள் பலருக்கு வழக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

ஓவியம் கற்றிருந்தால் அவர்கள் கல்லெறிந்திருக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை, அது பேதைமை. ஆனால் பார்ப்பதற்கும் செயல்படுவதற்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் நம் மார்க்கம் ஸப்ர் என்று பெயரிட்டிருக்கிறது. ஒரு புள்ளியை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி, ஓர் இலையை அரைமணி நேரம் வரையும் பயிற்சி, சினம் வருகின்ற நேரத்தில் ஒரு கணம் நிற்பதற்கும் துணை செய்யும். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் படையை அனுப்பியபோது, பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக் கூடாது என்பதோடு கனிதரும் மரங்களை வெட்டக் கூடாது என்றும் ஆணையிட்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது. போர்க்களத்திலும் மரத்தை நினைவில் வைத்திருப்பவரின் கை எளிதில் அத்துமீறாது. இயற்கையின் மீதான கருணையும் மனிதர் மீதான கருணையும் இரு வேறு பாடங்கள் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. மக்தபில் வாரம் ஒருநாள், ஓதல் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கலாம். அன்று ஓதிய பகுதியில் வரும் பேரீச்சை, திராட்சை, மாதுளை, மழை, மலை ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் நேரில் பார்த்து வரையட்டும். வரைவதன் எல்லைகளை ஹஜ்ரத் அவர்களே அன்போடு எடுத்துச் சொல்லட்டும்.

நம் மாவட்டத்துக் கைவினையையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கலை பெரிதும் தெய்வ உருவங்களைச் சார்ந்தது. அது நம் அண்டை வீட்டாரின் நம்பிக்கை, அதை மதிப்போம். நமக்குத் தேவையான கொடியும் பூவும் செதுக்கிய கதவையோ குர்ஆன் வைக்கும் ரஹலையோ அதே தச்சர்களிடம் செய்து வாங்கலாம். அவர்களின் பிழைப்புக்கு அது துணையாகும். ஊரின் உறவும் வலுப்படும்.

அடுத்த பெருநாளில் மலைக்குச் செல்லும்போது ஒரு சாக்குப் பையும் ஒரு வரைபடத் தாளும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் வரையட்டும், பெரியவர்கள் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிப் பையில் இடட்டும்.

அந்தச் சகோதரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளின் நோட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? மலைக்குமேல் ஒரு சிறு வட்டம் வரைந்து அழித்திருக்கிறாள். சூரியனா, ஃபஜ்ர் நேரத்து நிலவா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேளுங்கள். நாளை ஃபஜ்ருக்குப் பின் அவளை அழைத்துக்கொண்டு ஊரின் எல்லைவரை நடந்து செல்லுங்கள். மலை நிறம் மாறுவதை இருவருமாக நின்று பார்த்துவிட்டு, அதன்பின் போட்டிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அனுப்புவீர்கள் என்று நம்புகிறேன்.

தன் படைப்பைக் காணும் கண்களையும் அதைக் காக்கும் கைகளையும் அமைதி நிறைந்த உள்ளங்களையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.